தோள்பட்டையின் துன்பத்துக்கு ஓர் எண்

சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மருத்துவமனைத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். வாய்ப் புற்றுநோய்க்காகக் கழுத்திலும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். தாளில் 42 என்ற எண் வட்டமிடப்பட்டிருந்தது. "நாற்பதைத் தாண்டிவிட்டதே சார், மாற்றுத்திறனாளிச் சலுகைக்கு இது போதாதா?" என்று கேட்டார். போதாது என்று கூற நேர்ந்தது. வணிகவியல் படித்த எனக்கு அதன் காரணத்தை அறிந்துகொள்ளச் சில நாட்கள் ஆயின.

வாய், தொண்டைப் புற்றுநோய்கள் பெரும்பாலும் முதலில் பரவுவது கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கே. அவற்றை அகற்றும் பகுதியின் ஊடாகப் பதினோராவது மண்டை நரம்பு செல்கிறது. தோள்பட்டையைத் தாங்கி நிறுத்தும் ட்ரப்பீசியஸ் தசையை இயக்குவது அதுவே. முன்னாளில் இந்நரம்பையும் சேர்த்தே நீக்கினர். இன்று இயன்றவரை காக்கின்றனர். எனினும் அறுவையின்போது நரம்பு இழுபட்டாலே தசை பல மாதங்கள் தளர்ந்திருக்கக்கூடும். தோள் தொங்கிவிடும், கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது கடினமாகும்.

கை எத்தனை பாகை உயர்கிறது என்பதைக் கோணமானியால் அளந்துவிடலாம். ஆனால் சட்டை அணிய எவ்வளவு சிரமம், வலியால் உறக்கம் கெடுகிறதா என்பவற்றைக் கருவி சொல்லாது. நோயாளியைத்தான் கேட்க வேண்டும். அதற்காக 1996-இல் வெளிவந்ததே 'டாஷ்' எனப்படும் 30 வினாக்கள் கொண்ட பட்டியல். இறுக மூடிய புட்டியைத் திறத்தல், தலைக்கு மேலுள்ள பலகையில் பொருளை வைத்தல், முதுகைக் கழுவுதல் எனக் கடந்த ஒரு வாரத்து அனுபவம் கேட்கப்படும். சிரமமில்லை என்றால் 1. இயலவே இல்லை என்றால் 5.

கணக்கு எளியது. அவருடைய மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 80 என்று கொள்வோம். அதை 30-ஆல் வகுத்தால் 2.67, அதில் ஒன்றைக் கழித்து 25-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 42. மூன்று வினாக்களுக்கு மேல் விடுபட்டால் மதிப்பெண் கணிக்க இயலாது. ஆகவே எதையும் வெறுமனே விடாதீர்கள்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. எந்தக் கையால் செய்தாலும் சரி, செய்ய முடிகிறதா என்றே இப்பட்டியல் கேட்கிறது. வலத்தோள் பழுதுற்றவர் இடக்கையால் சமாளித்துக்கொண்டால் எண் குறைந்துவிடும். வலத்தோளின் பழுது அப்படியேதான் இருக்கும்.

கழுத்து அறுவைக்கென்றே 10 வினாக்கள் கொண்ட வேறொரு பட்டியலும் உண்டு. அதில் 100 என்பது நல்ல நிலை. டாஷில் 100 என்பது மிக மோசமான நிலை. பற்றையும் வரவையும் மாற்றி வாசித்தது போலாகிவிடும் என்பதால், எண்ணுடன் பட்டியலின் பெயரையும் கேட்டுக்கொள்வது நன்று.

இனி அந்த 40-க்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 40 விழுக்காடு, அரசின் மதிப்பீட்டு நெறிகளின்படி, சான்றளிக்க அதிகாரம் பெற்ற மருத்துவ அமைப்பு தனியே கணிப்பது. டாஷ் எண் விழுக்காடே அன்று. சிகிச்சையாலும் பயிற்சியாலும் முன்னேற்றம் உண்டா என்று மருத்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளரும் ஒப்பிட்டுப் பார்க்கவே அது உதவுகிறது. வருமானவரிக் கழிவுக்கோ பிற சலுகைக்கோ அந்தச் சான்றிதழே வேண்டும்.

அவர் பின்னர் அதற்கு விண்ணப்பித்தார். எங்கள் கவுன்ட்டரின் உயரத்துக்குக் கோப்பைத் தூக்கி வைக்க அவர் பட்ட பாட்டைக் கண்டபின், உள்ளே என் மேசையருகில் அமர்ந்து கையொப்பமிட ஏற்பாடு செய்துள்ளோம். இத்தகைய சிரமம் உள்ளவர்கள் கிளையில் தயங்காமல் கேட்கலாம்.