இரண்டு அங்குலத்துக்கு யார் பொறுப்பு?

நெய்வேலி ஆர்ச் கேட் பக்கம் சாயங்காலம் டீ குடிக்க நின்றால், பாடியை உயர்த்திய மஹிந்திரா தார் ஜீப் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை விரிவாக்கம் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனதில் இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்குப் பள்ளமும் மண்மேடும் பழகிப்போயின. டவுன்ஷிப்பின் பிளாக் சாலைகளோ மரநிழலில் சீராக இருப்பவை. அங்கே குடியிருப்பவருக்கு வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் எதற்கு என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டுக்குப் போவோம் சார்" என்பார். போகட்டும். அவர் கடையில் காசு கொடுத்து வாங்கும் அந்த இரண்டு அங்குலத்தில் என்னென்ன சேர்ந்து வருகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் ஓர் ஏமாற்றம். 2020-ல் வந்த மஹிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மி.மீ. லிஃப்ட் போட்டு 50 மி.மீ. தூக்கினால் 276 ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆகாது. தாரின் பின்பக்கம் இருப்பது ஒரே கட்டையான ஆக்சில். அதன் நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை தொங்குகிறது. ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது ஆக்சிலுக்கு மேலே. ஸ்பிரிங் உயர்ந்தால் பாடி உயரும், ஆக்சில் சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கும். கல் இடிக்கிற அந்த உருண்டைக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. அதைக் கூட்டப் பெரிய டயர்தான் வழி. டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினாலும் அடியில் கிடைப்பது ஓர் அங்குலம். மாருதி ஜிம்னியில் முன்னும் பின்னும் கட்டை ஆக்சில்தான், அங்கே இது இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். லிஃப்ட் தருவது வேறு: மேட்டில் ஏறும்போது பம்பர் முட்டாத கோணம், வயிற்றுப்பகுதி உரசாத இடைவெளி, பெரிய டயருக்கு இடம். இவை தேவையா என்று பார்த்துவிட்டுக் காசை எடுக்கலாம்.

கடையில் மலிவாகக் கிடைப்பது ஸ்பேசர். ஸ்பிரிங்கின் தலையில் வைக்கும் ஒரு ரப்பர் அல்லது அலுமினிய வளையம், அவ்வளவுதான். ஸ்பிரிங் பழையது, ஷாக் அப்சார்பர் பழையது, உயரம் மட்டும் புதியது. ஷாக்கின் நீளம் மாறாததால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் முழுதாக நீண்டு, அதற்குமேல் போக வழியின்றி 'டக்' என்று இழுக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சத்தம் கேட்டால் ஷாக்கின் ஆயுள் கரைகிறது என்று பொருள். முழு செட்டாக ஸ்பிரிங்கும் அதற்கேற்ற நீளமான ஷாக்கும் வாங்குவது செலவுதான், ஆனால் அவை ஒன்றுக்கொன்று பேசி வைத்தவை.

தாரின் முன்பக்கம் கட்டை ஆக்சில் இல்லை, சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் கூடுதல் கோணத்தில் சாயும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். உள்ளே மண் போகும். மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட் எல்லையில் நிற்கும், சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பரும் காஸ்டரும் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியைக் கையில் கொடுக்கும் கடையில் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். ஜிம்னியில் ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் லேட்டரல் ராட் சாய்வதால் ஆக்சிலே ஒரு பக்கம் நகர்ந்து நிற்கும். எந்த வண்டியானாலும், சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று ஜாக்கி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இது ஐந்து நிமிட வேலை.

கவிழ்வது பற்றி ஒரு சிறு கணக்கு. இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் இருக்கும் உயரத்தால் வகுத்தால் வரும் எண்ணை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001 முதல் கவிழும் அபாயத்தை மதிப்பிடப் பயன்படுத்துகிறது. எண் குறைந்தால் அபாயம் கூடும். உதாரணத்துக்கு, அகலம் 1520, மையம் 700 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் 1.09. மையம் 50 மி.மீ. ஏறினால் 1.01. முந்திரிக்காட்டில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் இது தெரியாது. வடலூர் சாலையில் எண்பதில் போகும்போது குறுக்கே மாடு வந்து ஸ்டியரிங்கை ஒடித்தால் தெரியும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே படித்தது. உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை ஏற்கவில்லை. "ஆர்.சி. புத்தகத்தில் உயரமே இல்லையே" என்று கடைக்காரர் சொல்வது வாதம்தான், பாதுகாப்பு இல்லை. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'மாற்றம் ஒன்றுக்கு' என்பதைக் கவனியுங்கள். மாட்டியவர் தப்பிவிடுவார், ஓட்டுகிறவர் மாட்டுவார். உயர்த்திய வண்டியைப் பழையதாக வாங்குகிறவருக்கும் இந்தத் தலைவலி சேர்ந்தே வரும். ஆகவே மாட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதிவை நிறுத்தி வைத்து உத்தரவு வந்தால் 57-ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்சூரன்ஸுக்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விபத்து நடந்தால் சர்வேயர் முதலில் பார்ப்பது கீழேதான். அதற்காக 'கிளெய்ம் கிடையாது' என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு ஓய்ந்துவிட வேண்டியதில்லை. பாலிசி நிபந்தனை மீறப்பட்டாலும் முழுவதுமாக மறுக்காமல் ஒரு பகுதியைத் தரலாம் என்ற வழியை 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த வழக்கு சொந்த வண்டியை வாடகைக்கு விட்டது பற்றியது என்றாலும் வாதத்துக்கு உதவும். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவு. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பாகமே மட்டமாக இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் பில் பேசும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பெட்டியில் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ யாரென்று தெரியாத ஸ்பேசர் உடைந்து காயம் ஏற்பட்டால், தயாரித்தவரைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் விற்ற கடைக்காரரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு. அதே சட்டம், பாகத்தை நீங்களே அறுத்து வெல்டிங் வைத்திருந்தால் கைவிட்டுவிடும். பில்லில் பாகத்தின் பெயர், எண், எந்த வண்டிக்கு, மாட்டிய கூலி எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். தீராவிட்டால் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கடை சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இது பெரிய வசதி.

ஒரு விஷயம் மறக்காமல்: கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பழையபடி மாற்றிக்கொண்டு வா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொன்னால், அவைதான் உங்களை மீட்கும். ஒரு சாக்கில் கட்டி, எண்ணெய் தடவி, குவார்ட்டர்ஸின் பின்கட்டில் போட்டுவையுங்கள்.