மூடுபனியில் முகம் தெரிய வேண்டும்

மடுல்சீமையில் ‘சிறிய உலக முடிவு’ என்று சொல்லப்படும் பாறை விளிம்புக்கு விடியற்காலையில் கமராவோடு வருகிறவர்கள் அதிகம். கீழே பள்ளத்தாக்கு நிறைய வெண்பனி. ஆனால் எடுத்த படத்தில் அந்தப் பனி மங்கிச் சாம்பலாகிக் கிடக்கும்; முன்னால் நிற்பவரின் முகம் கருத்து, யாரென்றே தெரியாது. கமராவில் பழுது ஒன்றுமில்லை. அது ஒளியை அளக்கும் விதம் அப்படி.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியில் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைப் படக்கலைஞர்கள் அளவுகோலாக வைத்திருப்பதும் இதனால்தான். வெயிலில் தேயிலை மலையை மட்டும் எடுத்தால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். அந்தப் பச்சை நடுத்தரமானது. பனியும் வெள்ளை வானமும் சேர்ந்தால் ‘ஒளி மிஞ்சிவிட்டது’ என்று கமரா தானாகவே குறைத்துவிடும். முகமும் அதோடு இருண்டுபோகும்.

ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ மூன்று வழிகள் உண்டு. முதலாவது அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் எண்களில் சின்ன எண்ணுக்குப் பெரிய துவாரம் என்பது புதியவர்களைக் குழப்பும். லென்ஸின் குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவதே அந்த எண். 50 மில்லிமீற்றர் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மில்லிமீற்றர். எஃப் 8 என்றால் 6.25தான். துவாரம் பெரிதானால் ஒளி கூடும், பின்னணி மங்கும்.

இரண்டாவது ஷட்டர். கொழுந்து பறிக்கும் விரல்களின் வேகத்தை நிறுத்த 1/500 விநாடியாவது வேண்டும். 1/30இல் விரல்கள் கலங்கிவிடும். துன்ஹிந்த அருவியில் நேர்மாறு: முக்காலியில் கமராவை வைத்து ஒரு விநாடி திறந்தால் 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் வெண்பட்டாக நீளும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. பதிவான ஒளிச் சைகையை இது பெருக்கிக் காட்டும். அதிகம் ஏற்றினால் படத்தில் புள்ளிகள் தெரியும்.

எஃப் 8இல் 1/60 விநாடி, எஃப் 5.6இல் 1/125, எஃப் 4இல் 1/250 மூன்றிலும் உள்ளே வரும் ஒளி ஒன்றே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நீங்கள் எதைக் காட்ட விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முகம் காட்டுவதே கஷ்டமாக இருந்த காலமும் உண்டு. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த ஜூலியா மார்கரெட் கமரன் இந்நாட்டு உழைப்பாளிகளைக் கண்ணாடித் தகட்டில் படமெடுத்தார். அந்த முறையில் எதிரில் இருப்பவர் பல விநாடிகள், சிலவேளை நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். பின்னர் வந்த வண்ணப் பிலிமுக்கு இன்னொரு குறை. கொடாக் நிறுவனம் பிரதிகளின் நிறத்தைச் சரிபார்க்கப் படம் கழுவும் நிலையங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்த அளவுகோலில் கருத்த தோலின் நுணுக்கம் தொலைந்தது.

இன்றைய கமராவில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. ஆனாலும் தோட்டப் படங்கள் பலவற்றில் பனி, பச்சை, கூடை எல்லாம் துலங்க, தலைத்துணியின் நிழலில் பெண்ணின் முகம் மட்டும் இருளில் கிடக்கிறது. இதை நான் ஏற்கமாட்டேன். வானம் வெளிறிப்போனால் போகட்டும், முகம்தான் படம்.

வழி எளியது. கமராவில் கூட்டல் கழித்தல் குறிகள் உள்ள பொத்தானை +1க்கு நகர்த்தினால் உள்ளே வரும் ஒளி இரட்டிப்பாகும். வெயில் எதிரில் நிற்பவரின் முதுகுப் பக்கம் இருந்தால் +1.5 வரை போகலாம். போனில் எடுப்பவர்கள் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

மலையில் கொழுந்தெடுக்கும் அக்காவிடம் முதலில் அனுமதி கேளுங்கள். எடுத்த படத்தை அவருக்கே காட்டுங்கள். தன் முகம் தெரியவில்லை என்று அவர் சொன்னால் இன்னும் ஒரு படி ஏற்றி, மறுபடியும் எடுங்கள்.