குடலால் அமைந்த உணவுக்குழாய்

ஊவாவின் தேயிலை மலைகளினின்று மொனராகலைப் பக்கம் இறங்குவோர் இறப்பர்த் தோட்டங்களைக் காண்பர். இறப்பர்ப் பாலை உறையச் செய்யப் போமிக் அமிலம் பயன்படுகின்றது. நிறமற்ற அவ்வமிலம் சோடாப் போத்தலொன்றில் லயன் அறைக்கு வந்துவிடின், தாகமுற்ற சிறுவன் அதனை நீரென்றே எண்ணுவான். கேரளத்து இறப்பர்ப் பகுதியில் இவ்வமிலத்தை உட்கொண்ட 53 பேரைப் பற்றிய மருத்துவ அறிக்கை 1985இல் வெளியாயிற்று. குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் நம்மிடையே உண்டு, அது பெருந்தவறு. மேலேறும் அமிலம் இரண்டாம் முறையும் சுடும்.

உயிர் தப்பினும் துன்பம் தீர்வதில்லை. பாடநூல்கள் களம் என்று கூறும் உணவுக்குழாய் ஏறத்தாழ 10 அங்குல நீளமுடையது. வெந்த புண் ஆறி வடுவாகும்போது அது சுருங்கி, ஈற்றில் உமிழ்நீரும் இறங்காதபடி அடைபடலாம். முதலில் வளையும் கோல்களைச் செலுத்தி விரித்துப் பார்ப்பர். அது பயன்தராவிடின் புதுவழி அமைத்தல் வேண்டும். இரைப்பையையே குழாயாக்கி மேலே கொணர்தல் எளிது. எனினும் அமிலம் பெரும்பாலும் அதனையும் விட்டுவைப்பதில்லை. அப்போதுதான் குடலை நாடுவர்.

1907இல் லோசான் நகரத்துச் சேசார் ரூ சிறுகுடலை நெஞ்சுத்தோலின் கீழாக மேலே கொணர்ந்தார். 1911இல் கெல்லிங், வுலியே என்போர் பெருங்குடலைக் கையாண்டனர்.

இதில் அருமையானது வெட்டுதலும் தைத்தலும் அன்று, குருதியோட்டத்தைக் காத்தலேயாம். பெருங்குடலின் ஓரமாக ஒரு நாடி தொடர்ச்சியாகச் செல்கின்றது. ஆகவே கிளை நாடிகள் சிலவற்றை அறுத்தாலும், எஞ்சிய ஒன்றே நீண்டதொரு துண்டைக் காப்பாற்றக்கூடும். சத்திரவைத்தியர் உடனே அறுத்துவிடுவதில்லை. அறுக்கவேண்டிய கிளைகளைக் கவ்வியால் தற்காலிகமாக அடைத்து, சில நிமிடம் காத்திருப்பர். குடலின் செந்நிறம் மங்காது நாடியும் துடிப்பின், அத்துண்டை மார்பெலும்பின் பின்னே கழுத்துவரை ஏற்றி இணைப்பர். கீழ்முனையை இரைப்பையுடனோ, அது கெட்டிருப்பின் சிறுகுடலுடனோ பொருத்துவர். நாடி தளர்ந்தால் ஏற்றிய துண்டு அழுகும், உயிருக்கே ஆபத்து. கழுத்திணைப்பில் கசிவு நேர்வதும், பின்னர் அது குறுகுவதும் உண்டு.

புதுச்சேரி ஜிப்மர் நிலையத்துச் சத்திரவைத்தியர், தொண்டைவரை வெந்த நோயாளருக்கும் இம்முறையைச் செய்து அநுபவங்களை எழுதியுள்ளனர். நெடுங்காலம் வயிற்றுக் குழாய்வழியே உணவு பெற்றோருள் சிலருக்கு விழுங்குதலையே மீண்டும் பழக்க வேண்டியிருக்கும். இக்குடல் களத்தைப்போல் உணவை உந்தித் தள்ளாது. பெரும்பாலும் தன் பாரத்தாலேயே கவளம் இறங்கும். ஆகவே அவர்கள் நிமிர்ந்திருந்து, மென்று, சிறிது சிறிதாக உண்பர், உண்டவுடன் படுப்பதில்லை.