கம்பியில்லாக் கருவியைக் கழற்றும் முறை

கணினியின் பக்கத்திலே பெருவிரலளவான சிறு துண்டொன்று செருகப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். வைஃபை அலைகளை வாங்கிக் கணினிக்கு அளிப்பதும், கணினி தருவதை அலையாக்கி வெளியே அனுப்புவதும் அதன் தொழில். உருவிற் சிறிதாயினும் அஃது ஒரு முழு வானொலி நிலையமே. ஒலிபரப்பியும் வாங்கியும் அதனுள் ஒருங்கே அடங்கியுள்ளன.

இதனை நினைத்த மாத்திரத்திற் பிடுங்கலாமா? 1996ஆம் ஆண்டு வெளியான யூ.எஸ்.பி. முறை, கணினி இயங்கும்போதே செருகவும் கழற்றவும் இடந்தருமாறு வகுக்கப்பட்டது. பழைய வகைச் செருகியின் வாயை உற்று நோக்கினால் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் சற்று நீளமானவை. 5 உவோற்று மின்சாரம் அவற்றின் வழியே செல்கிறது. நடுவிலுள்ள குட்டையான இரண்டும் செய்தியைக் கொண்டுசெல்வன. ஆகவே செருகும்போது மின்சாரம் முந்துகிறது. கழற்றும்போது செய்தி முதலில் அறுந்து, மின்சாரம் பின்னரே நீங்குகிறது. மின்னூட்டம் பெறாத கருவிக்குட் செய்திக்குறி பாய்ந்து தீங்கு செய்யாதிருக்கவே இவ்வேற்பாடு.

நினைவகத் துண்டுகளை அவசரப்பட்டுக் கழற்றலாகாது என்பதற்குக் காரணம் வேறு. எழுதவேண்டியதைக் கணினி சில வேளை தன்னிடமே தேக்கிவைத்திருக்கும். இடையிற் கழற்றினால் அது தொலையும். கம்பியில்லாக் கருவியிலோ அவ்வாறு எழுதிவைக்க ஏதுமில்லை. அங்கே கெடக்கூடியது நடந்துகொண்டிருக்கும் வேலை: பாதி வந்த கோப்பு, அனுப்பி முடியாத கடிதம். கருவி திடீரென மறைவதால் அதனை இயக்கும் மென்பொருள் தடுமாறிக் கணினியை உறையச் செய்வதும் உண்டு. எனவே வேலையை முடித்து, வைஃபை இணைப்பைத் துண்டித்து, பாதுகாப்பாக அகற்றும் பட்டியலிற் கருவியின் பெயர் இருப்பின் அதனைத் தெரிந்தபின் கழற்றுவதே முறை. பெயர் இல்லையாயின் இணைப்பைத் துண்டித்தலே பெரும்பாலும் போதும்.

சில கருவிகள் ஒரு விசித்திரம் செய்யும். செருகியதும், தம் மென்பொருளைச் சுமந்த இறுவட்டுப்போலத் தோன்றும். அப்பொய் இறுவட்டை வெளியேற்றுமாறு பணித்தாற்றான் உண்மை வடிவம் கொள்ளும். லினக்ஸ் பாவிப்போர் பழுதென்று கடைக்குத் திருப்புமுன் இதனைக் கவனித்தல் நன்று.

உண்மையிற் கருவியைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரமன்று, கையே. அன்ரனாவைப் பற்றி இழுப்பதும், ஆட்டி ஆட்டி உருவுவதும், செருகியபடியே மடிக்கணினியைப் பையிலிடுவதும் துளையின் உட்டகடுகளை வளைத்துவிடும். உடலைப் பிடித்து நேராக இழுத்தல் வேண்டும். சாதாரண யூ.எஸ்.பி. துளைக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 1500 முறை. நாளொன்றுக்கு ஒருமுறை என்றால் நான்காண்டுக் கணக்கு. மேசைக் கணினியில் அதனைக் கழற்றாது விடுவதே மேல்.

வேலை செய்யும்போது சூடேறுதல் இயல்பு, துணியால் மூடலாகாது. கடற்காற்றுப் படும் ஊர்களில் தகடுகள் களிம்பேறும். பாவியாத காலத்தில் மூடியிட்டு ஈரமற்ற டப்பாவில் வைத்தல் நலம்.

கருவியில் குறையில்லாதிருந்தும் வேகம் குன்றினால் அயலிலுள்ளதைப் பார்க்க வேண்டும். யூ.எஸ்.பி. 3.0 வட்டுக்கள் எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைகளைக் குழப்புவதை இன்ரெல் நிறுவனம் 2012இல் விளக்கியது. ஒரு முழ நீட்டிப்புக் கம்பியாற் கருவியை அப்பால் நகர்த்தினாற் பெரும்பாலும் சீராகிவிடும். துளைக்கும் பாரம் குறையும்.