மருந்து இல்லாத ஊசி!

கென்னடியின் முதுகு வலி சொல்லும் பாடம்

1955-ம் ஆண்டு, மே மாதம்.

நியூயார்க் நகரில் ஒரு டாக்டரைத் தேடி ஒருவர் வந்தார். அவருக்கு 38 வயதுகூட ஆகவில்லை. ஆனால், ஊன்றுகோல் இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. முதுகில் அப்படி ஒரு வலி! ஆபரேஷன் செய்தும் வலி போகவில்லை.

அவர் யார் தெரியுமா? ஜான் கென்னடி. 1961-ல் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர்.

அவர் பார்க்க வந்த டாக்டர் ஒரு பெண். பெயர், ஜேனட் டிராவல். தசை வலியைப் பற்றி ஆராய்ந்தவர்.

தசையில் முடிச்சு

நம் தசையில் சில இடங்கள் இறுகி, முடிச்சுப்போல ஆகிவிடுவது உண்டு. விரலால் தடவினால் கயிறுபோலத் தட்டுப்படும். அழுத்தினால் "ஆ!" என்று கத்தத் தோன்றும். முடிச்சு ஓரிடம், வலி வேறிடம் என்பதும் உண்டு. தோளில் முடிச்சு இருக்கும், தலை வலிக்கும்!

இந்த முடிச்சில் மரத்துப்போகும் மருந்தை ஊசி மூலம் செலுத்தினார், டிராவல். கென்னடிக்கும் அப்படியே செய்தார். வலி குறைந்தது. ஜனாதிபதி ஆனதும், கென்னடி அவரையே தன் டாக்டராக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

மருந்தா, ஊசியா?

வலியைக் குறைத்தது மருந்தா? ஊசியா?

செக்கோஸ்லோவாகியா டாக்டர் கரேல் லெவிட் இதை ஆராய்ந்தார். 241 நோயாளிகளுக்கு மருந்து இல்லாமல், வெறும் ஊசியை மட்டும் குத்திப் பார்த்தார். 100-க்கு 86 இடங்களுக்கு மேல் வலி உடனே அடங்கியது! இதை 1979-ல் அவர் வெளியிட்டார். ஆனால், எல்லாருக்கும் அந்தப் பலன் நிலைக்கவில்லை.

இந்த முறைக்கு இப்போது "டிரை நீடிலிங்" என்று பெயர். அதாவது, மருந்து இல்லாத "உலர்ந்த" ஊசி. ஊசி தலைமுடிபோல மெல்லியது. உள்ளே துவாரம் கிடையாது. முடிச்சில் பட்டதும் தசை வெடுக்கென்று துடிக்கும். பிறகு தளரும். திருப்ப முடியாத கழுத்தைத் திருப்ப முடியும். தூக்க முடியாத கையைத் தூக்க முடியும்.

சீனர்களின் அக்குபங்சர் ஊசியும் இதுபோன்றதுதான். ஆனால், குத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறு.

ஆபத்தும் உண்டு

குத்திய இடம் ஓரிரு நாள் வலிக்கலாம், கன்றிப் போகலாம். அது பெரிதல்ல. ஆனால், தோள், மார்பு, மேல் முதுகு ஆகிய இடங்களில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் குத்திவிடும்! ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறினாலோ, மார்பு வலித்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே, முறையாகப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே போக வேண்டும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போடக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மீதி வேலை

கென்னடியின் கதை ஊசியோடு முடியவில்லை. வலி திரும்பத் திரும்ப வந்தது. 1961-ம் ஆண்டு இறுதியில் ஹான்ஸ் கிராஸ் என்ற டாக்டர் வந்தார். தசைகள் வலுவடைய, தேகப்பயிற்சி கொடுத்தார். கென்னடி அதை விடாமல் செய்தார். முதுகு தேறியது.

ஊசி, பூட்டைத் திறக்கும் சாவி. கதவைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவர் நோயாளிதான்!