புள்ளியைக் குவிக்க எந்த லென்சு?

'லேசர் ஒளி விரியாது, நேராகச் செல்லும்.' பல ஆண்டுகளாக மேல்நிலை வகுப்பில் நான் சொல்லிவந்த வாக்கியம் இது. எங்கள் பள்ளியின் அடல் டிங்கரிங் ஆய்வகத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்ட கேள்விதான் என்னைத் திருத்தியது. "சார், விரியாதுன்னா அப்புறம் எதுக்கு இதுக்கு முன்னாடி லென்சு வைக்கிறோம்?"

மாணவர்கள் அப்போது ரெசின் அச்சுக் கருவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடன் படிக்கும் பார்வைக் குறைபாடுள்ள மாணவிக்காக, ஆய்வகப் பொருள்களில் ஒட்டும் பிரெய்ல் பட்டைகளைச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் கருவியில் எடுத்த புள்ளிகள் சொரசொரப்பாக இருந்து விரலை உறுத்தின. ஆகவே ரெசினுக்கு மாறினோம்.

ரெசின் அச்சு இயங்கும் விதம்

திரவ ரெசின் மீது புற ஊதா அல்லது ஊதா ஒளி படும்போது, அதிலுள்ள ஒளித்தூண்டிகள் மூலக்கூறுகளைச் சங்கிலியாக இணைக்கின்றன. ஒளி பட்ட இடம் மட்டும் கெட்டியாகிறது. இம்முறைக்கு அமெரிக்கரான சக் ஹல் 1984-இல் விண்ணப்பித்து 1986-இல் காப்புரிமை பெற்றார். இன்று பல ரெசின்கள் 405 நானோமீட்டர் அலைநீளத்தில் இறுகுமாறு தயாராகின்றன. புளூ-ரே கருவிகளில் இருப்பதும் இதே அலைநீள லேசர் டையோடுதான். டையோடின் ஒளியை இரண்டு சிறிய ஆடிகள் திருப்பித் திருப்பி ரெசின் பரப்பில் கோடு வரைகின்றன. ஒளிப்புள்ளியின் அளவே பேனா முனையின் தடிமன்.

லேசர் ஏன் விரிகிறது?

லேசர் டையோடில் ஒளி வெளிவரும் வாய் மிகச் சிறியது. ஒரு திசையில் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர். மற்றொரு திசையில் சற்று அகலம். பன்னிரண்டாம் வகுப்பின் ஒற்றைப் பிளவு விளிம்பு விளைவை நினைவில் கொள்ளுங்கள்: பிளவு குறுகக் குறுக ஒளி அதிகம் விரியும். இங்கும் அதுவே நிகழ்கிறது. குறுகிய திசையில் ஒளி இருபது, முப்பது பாகை வரை விரிகிறது. அகலமான திசையில் குறைவாக விரிகிறது. அதனால் சுவரில் விழுவது வட்டம் அல்ல, நீள்வட்டம். கடையில் வாங்கும் லேசர் சுட்டியில் கற்றை நேராக வருவதற்குக் காரணம், அதன் வாயில் பொருத்தியுள்ள சிறிய குவிலென்சு.

இரண்டு லென்சுகள், இரண்டு வேலைகள்

முதல் லென்சின் குவியத்தில் டையோடை வைத்தால் விரியும் ஒளி இணைக்கற்றையாகிறது. இரண்டாவது லென்சு அந்தக் கற்றையைத் தன் குவியத் தொலைவில் புள்ளியாகக் குவிக்கிறது. விழும் புள்ளி, டையோடு வாயின் பிம்பமே. அதன் உருப்பெருக்கம் = இரண்டாம் லென்சின் குவியத் தொலைவு ÷ முதல் லென்சின் குவியத் தொலைவு.

எங்கள் கருவியில் ரெசின் மேடை 200 மி.மீ. தொலைவில் இருந்தது. முதல் லென்சு 4 மி.மீ., இரண்டாவது 200 மி.மீ. எனில் உருப்பெருக்கம் 50. அதாவது, 1 மைக்ரோமீட்டர் வாய் 50 மைக்ரோமீட்டர் புள்ளியாகும். அது தலைமுடியின் தடிமனை ஒத்தது.

நாங்கள் செய்த தவறு

திறன் அதிகமென்றால் வேலை விரைவாக முடியும் என்று எண்ணி, முதலில் சில நூறு மில்லிவாட் டையோடு ஒன்றை வாங்கினோம். அதைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அத்தகைய டையோடுகள் பலவற்றில் வாய் ஒரு திசையில் பட்டையாக நீண்டிருக்கும். அந்த நீளம் 10 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 50 மடங்கு பெருகி 500 மைக்ரோமீட்டர், அதாவது அரை மி.மீ. கோடாகிவிடும். பிரெய்ல் புள்ளிகள் அனைத்தும் ஒரே திசையில் இழுபட்டிருந்தன. பட்டையைத் தடவிப் பார்த்த மாணவி, "எழுத்து தெரியல, வரப்பு மாதிரி இருக்கு" என்றார். எந்த லென்சை மாற்றினாலும் இந்தக் கோடு புள்ளியாகாது; டையோடையே மாற்ற வேண்டும். திறன் குறைந்த, ஒற்றை முறைமை டையோடுக்கு மாறினோம்.

மிகச் சிறிய புள்ளியே சிறந்ததா?

அடுத்து மாணவர்கள், "முதல் லென்சை 8 மி.மீ. ஆக்கினால் புள்ளி பாதியாகுமே" என்றார்கள். கணக்கு சரிதான். டையோடின் ஒளி குறுகிய திசையில் 28 பாகை விரிவதாகக் கொண்டால், 4 மி.மீ. லென்சிலிருந்து 2 மி.மீ. கற்றையும், 8 மி.மீ. லென்சிலிருந்து 4 மி.மீ. கற்றையும் வெளிவரும்.

புள்ளியின் விட்டம் = 4 × அலைநீளம் × குவியத் தொலைவு ÷ (3.14 × கற்றையின் விட்டம்)

இதன்படி 2 மி.மீ. கற்றைக்குப் புள்ளி 52 மைக்ரோமீட்டர், 4 மி.மீ. கற்றைக்கு 26 மைக்ரோமீட்டர்.

ஆனால் ஆடி திரும்பும்போது குவியம் ஒரு வில்லில் நகர்கிறது. ரெசின் பரப்போ சமதளம். ஆடிகள் லென்சை ஒட்டி இருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளியுள்ள விளிம்புக்கான தொலைவைப் பிதாகரஸ் தேற்றம் தருகிறது: 206.2 மி.மீ. ஆக, குவியம் 6.2 மி.மீ. முன்பே முடிந்துவிடுகிறது. சிறிய புள்ளியாகக் குவியும் கற்றை, குவியத்தைத் தாண்டியதும் வேகமாக விரியும். விளைவைப் பாருங்கள்:

2 மி.மீ. கற்றை: மையத்தில் 52, விளிம்பில் சுமார் 81 மைக்ரோமீட்டர்.
4 மி.மீ. கற்றை: மையத்தில் 26, விளிம்பில் சுமார் 125 மைக்ரோமீட்டர்.

குவியத்தை மையத்துக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட தொலைவில் அமைத்தால், முதலாவதில் புள்ளி 52 முதல் 60 வரை மட்டுமே மாறும். இரண்டாவதில் 26 முதல் 67 வரை மாறும். மேடை முழுவதும் ஒரே தடிமனில் கோடு வேண்டுமெனில் 4 மி.மீ. லென்சே நல்லது. சதுர மேடையின் மூலைகளில் வேறுபாடு இன்னும் கூடும் என்பதால் அவற்றைத் தவிர்த்தோம். குவியத்தைச் சமதளத்திலேயே வைத்திருக்கும் சிறப்பு லென்சுகளும் உண்டு. அவற்றின் விலை நமக்கு எட்டாது. பிரெய்ல் புள்ளியின் அடிவிட்டம் ஏறத்தாழ 1.5 மி.மீ. தான். எனவே 60 மைக்ரோமீட்டரே தாராளம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதல் லென்சில் பணத்தைச் சேமிக்காதீர்கள். இவ்வளவு குறுகிய குவியத் தொலைவில் சாதாரணக் கோள லென்சு, விளிம்புக் கதிர்களை வேறிடத்தில் குவித்துவிடும். எனவே கோளமல்லாப் பரப்புடைய கண்ணாடி லென்சு தேவை. அதன் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஊதா ஒளிக்கானதா என்றும் பாருங்கள். சிவப்பு லேசருக்கான லென்சைப் பயன்படுத்தினால் குவியத் தொலைவும் சற்றுக் குறையும். ஊதா ஒளி கண்ணாடியில் அதிகம் விலகுவதே காரணம். இரண்டாவது லென்சின் வழியே மெல்லிய கற்றை மட்டுமே செல்வதால் அங்குச் சாதாரணக் குவிலென்சே போதும்.

பாதுகாப்பு

405 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகவே தெரியும். அந்த மங்கல் நம்மை ஏமாற்றும். சில பத்து மில்லிவாட்டே விழித்திரையை நிரந்தரமாகப் பாதிக்கும். கருவியை மூடிய பெட்டிக்குள் மட்டுமே இயக்கினோம். திறந்தால் மின்சாரம் நிற்கும் சுவிட்சைப் பொருத்தினோம். குவியம் சரிசெய்யும் பணியை மாணவர்களிடம் விடாமல், இந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து நானே செய்தேன். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. வெள்ளைத் தாளில் புள்ளியின் அளவைக் கணிக்கவும் முயலாதீர்கள். தாளிலுள்ள வெண்மையூட்டிகள் ஒளிர்ந்து புள்ளியைப் பெரிதாகக் காட்டும். கண்ணாடி வில்லையில் ஒரு ரெசின் கோட்டை இறுகச் செய்து, கழுவி, உயிரியல் ஆய்வக நுண்ணோக்கியில் அளந்தோம். இறுகாத ரெசினைக் கையுறையுடன் மட்டுமே தொட வேண்டும். அச்சிட்ட பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுவதும் இறுகச் செய்த பிறகே மாணவியிடம் கொடுத்தோம்.

லேசர் இல்லாமலே செய்து பார்க்கலாம்

உங்கள் ஆய்வகத்தில் 10 செ.மீ., 20 செ.மீ. குவிலென்சுகள் இருக்கும். அட்டையில் 2 மி.மீ. துளையிட்டு, டிரேசிங் தாள் ஒட்டி, பின்னால் எல்.இ.டி. டார்ச்சை வையுங்கள். துளையிலிருந்து 10 செ.மீ. தொலைவில் முதல் லென்சு. அதற்குச் சற்றுத் தள்ளி 20 செ.மீ. லென்சு, அதிலிருந்து 20 செ.மீ. தொலைவில் திரை. பிம்பம் 4 மி.மீ. இருக்கும். லென்சுகளை இடம் மாற்றி, தொலைவுகளையும் அதற்கேற்ப மாற்றினால் 1 மி.மீ. கிடைக்கும். பத்தாம் வகுப்பு மாணவர்களே அளந்து, விகிதத்தைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாவது முறை அச்சிட்ட பட்டையை அந்த மாணவி ஒருமுறை தடவிவிட்டு, 'உப்பு' என்று படித்தார். வகுப்பில் நான் இப்போது சொல்லும் வாக்கியமும் மாறிவிட்டது: "லேசர் ஒளியும் விரியும்; எவ்வளவு விரியும் என்பதை அது வெளிவரும் வாய் தீர்மானிக்கிறது."