மூன்றெண்ணும் இரண்டு விரலும்

மட்டக்களப்புக் கலியாண வீட்டில் பைலா தொடங்கிவிட்டால் கதிரையில் இருப்பவர்கள் குறைவு. அந்த ஆட்டத்தின் வேர் இந்த மண்ணில் ஆழமானது. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில் அதை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். ஆட்சி போனது, பாட்டுப் போகவில்லை. அவர்கள் வழிவந்த பறங்கியர் வயலின், மன்டலின், கிற்றார், ரபானோடு ஆடும் கபரிஞ்ஞா, 2004 கடல்கோள் மட்டக்களப்பின் டச்பாரில் அந்தச் சமூகத்தையே உலுக்கிய பிறகும் நிலைத்திருக்கிறது. பைலா அதற்கு நெருங்கிய உறவு. சிங்களத்தில் வாலி பஸ்தியன் அதைப் பரப்பினார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அதைப் பொப் பாடலாக்கினார்கள்.

பைலா மேடையில் பாடகரை எல்லோருக்கும் தெரியும். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும் பேஸ் கிற்றார்காரரை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் கால்கள் ஆடுவது அவருடைய வலது கையை நம்பித்தான்.

பேஸ் கிற்றார் வயதில் இளைய வாத்தியம். ஆளுயர டபுள் பேஸைச் சுமக்க முடியாமல் தவித்த வாத்தியக்காரர்களுக்காக அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் தோளில் மாட்டக்கூடிய மின் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வழக்கமாக அதில் நான்கு தந்திகள். மிகத் தடித்ததான ஈ தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. மெல்லியதான ஜீ தந்தி 98 தடவை. ஈ தந்தியின் தடிப்பு பொதுவாக இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல். சாதாரண கிற்றார் பழகியவர் இதைத் தொட்டதும் செய்யும் முதல் காரியம், விரலைக் கொக்கிபோல் வளைத்துத் தந்தியை மேலே இழுப்பது. இழுத்த தந்தி திரும்பி வந்து கட்டைகளில் அறையும். நாதத்துக்குப் பதில் சடசடப்புத்தான் கேட்கும். விரல் நுனியின் சதையால் தந்தியைத் தள்ள வேண்டும். தள்ளிய விரல் அடுத்த தடித்த தந்தியில் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். இதில் இரட்டை இலாபம்: தந்தி கிற்றாரின் முகப்புக்கு இணையாக அதிரும், விரல் சாய்ந்த தந்தி வாய் மூடிக்கொள்ளும்.

வாய் மூட வைப்பது வாசிப்பில் பாதி வேலை. மின் பேஸில் தொடாத தந்தியும் மற்றதின் அதிர்வில் சிணுங்கும். ஒலிபெருக்கி அதையும் பெருக்கிவிடும். பெருவிரலின் பங்கு இங்கேதான். ஈ தந்தியை மீட்டும்போது அது, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பின் மேல் ஊன்றியிருக்கும். அதற்கடுத்த ஏ தந்திக்குப் போனால் பெருவிரல் ஈ தந்திக்கு இறங்கிவர வேண்டும். பலர் அதைப் பிக்கப்பிலேயே ஒட்டிவைத்துவிட்டு, பாட்டு ஏன் குழம்பிக் கேட்கிறது என்று அம்ப்ளிஃபயரைத் திட்டுகிறார்கள்.

இனி விரல்களுக்கு வருவோம். சுட்டுவிரலும் நடுவிரலும் மாறிமாறி மீட்டுவதே இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. நாலெண்ணில் ஓடும் பாட்டுக்கு, ஒவ்வோர் எண்ணையும் இரண்டாகப் பிரித்து மீட்டினால் அழுத்தமான இடமெல்லாம் சுட்டுவிரலுக்கே வரும். நடுவிரல் இடைவெளியை நிரப்பினால் போதும். பைலா அப்படி விடாது. அது ஆறெண், மூன்று மூன்றாகப் பிரியும்: தகிட தகிட. முதல் தகிடவைச் சுட்டு, நடு, சுட்டு என்று மீட்டினால் இரண்டாவது தகிடவின் ‘த’ நடுவிரலில் விழும். அந்த விரல் சோர்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பின்பாதி நொண்டும். ஆடுகிறவருக்குக் காரணம் தெரியாது, கால் மட்டும் தடுமாறும். மேடையில் பேஸ் ஆறு எண்ணையும் மீட்ட வேண்டியதில்லை; பயிற்சியில் மீட்டத்தான் வேண்டும். ஒரே சுரத்தில், மெட்ரோனோமை மெதுவாக வைத்து, வாயால் தகிட சொல்லி ஆறையும் மீட்டுங்கள். பிறகு நடுவிரலால் தொடங்கி அதையே செய்யுங்கள். கைபேசியில் பதிந்து, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்; எந்த விரல் எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் வெற்றி. வெளியூர்ப் பாடப் புத்தகங்களின் நாலெண் பயிற்சிகளைவிட நம்முடைய பைலா இதற்கு நல்ல வாத்தியார் என்பது என் கருத்து.

இரண்டு விரல் கட்டாயமா என்று கேட்டால், இல்லை. டெட்ராயிட்டின் மோட்டவுன் பாடல்களில் 1960களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சுட்டுவிரல் ஒன்றாலேயே உலகை ஆட்டிவைத்தார். ஒரே விரல் என்பதால் ஒலியில் ஏற்றத்தாழ்வு குறைவு. ஆனால் அவர் வேகத்தை ஒரு விரலில் எட்டுவது எல்லோருக்கும் ஆகாது.

விரலுக்கு விரல் தொழில் பிரிப்பது தமிழருக்குப் புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழுக்கு எட்டு இசைக்கரணங்களைச் சொல்கிறது. அவற்றுள் வார்தல் சுட்டுவிரலின் செய்தொழில் என்கிறது உரை. 1947இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவும் இந்த மட்டக்களப்புப் பக்கந்தான். பேஸ் வகுப்பில் யாழின் வார்தலைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சொல்லலாம்.

மீட்டும் இடமும் ஒலியை மாற்றும். தந்தியின் முனையான பிரிட்ஜுக்கு அருகே மீட்டினால் மேல் சுரங்கள் அதிகம் கிளம்பி ஒலி இறுகித் தெளியும். கழுத்துப் பக்கம் போகப் போக அவை குறைந்து அடிச்சுரம் திரண்டு உருளும். ஆகவே கையை ஓர் அங்குலம் நகர்த்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகுங்கள்.

சத்தம் போதாவிட்டால் அம்ப்ளிஃபயரைக் கூட்டுங்கள், விரலின் பலத்தைக் கூட்டாதீர்கள். மணிக்கட்டைக் கூர்மையாக மடக்காமல், கூடியவரை நேராக வைத்திருங்கள். பட்டியைச் சற்று உயர்த்தினால் அது எளிது. விரல் நுனித் தோல் தடிப்பது இயல்பு. மணிக்கட்டில் வலியோ விரலில் விறைப்போ வருவது இயல்பல்ல. வந்தால் அன்றைக்கு வாசிப்பை நிறுத்துங்கள். தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.